மாகாணிக்குள் ஒரு வீட்டுப்பாடம்

விளாத்திகுளத்தில் என் தங்கை மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுப்பாட நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் கணக்கு, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னது. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்டி, விடை 2/5 என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

“சரியா மாமா?”

“அரை பெருசா, அஞ்சுல ரெண்டு பெருசா?” என்று கேட்டேன்.

விரலை மடக்கிப் பார்த்தாள். “அஞ்சுல பாதி ரெண்டரை. அப்போ அஞ்சுல ரெண்டு, பாதிக்குக் கொறச்சல்.”

“பாதியோட இன்னும் கொஞ்சம் சேத்தா, பாதியவிடக் கொறையுமா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. “திங்கக்கிழமை ரெண்டு கேள்வி கேட்டாங்க, ஒண்ணு சரி. செவ்வாக்கிழமை மூணு கேள்வி, ஒண்ணு சரி. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதான மாமா?”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. மார்க் கூட்டும்போது அப்படித்தான் கூட்டுகிறோம். இருபதுக்குப் பதினெட்டும் இருபத்தைந்துக்கு இருபத்திரண்டும் சேர்ந்தால் நாற்பத்தைந்துக்கு நாற்பது. பிள்ளைகள் தினமும் பார்க்கிற கணக்கு அது. பின்னத்துக்கும் அதையே போடுகிறார்கள். இந்தப் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. 1978-ல் அமெரிக்காவில் நாடு தழுவிய ஒரு கல்வி மதிப்பீட்டில், 12/13, 7/8 இரண்டையும் கூட்டினால் சுமார் எவ்வளவு வரும் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். 1, 2, 19, 21 என்று நான்கு விடைகள் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். இரண்டு பின்னமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் விடை 2. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம் பேர்தான். பாதிப் பேருக்கு மேல் 19 என்றோ 21 என்றோ சொன்னார்கள். மேலே இருந்ததை மட்டும் கூட்டினால் 19, கீழே இருந்ததை மட்டும் கூட்டினால் 21. பின்னத்தை ஒரே அளவாகப் பார்க்காமல், மேலே ஒரு எண் கீழே ஒரு எண் என்று இரண்டு தனி எண்களாகப் பார்ப்பதுதான் சிக்கலின் வேர் என்று இதிலிருந்து தெரிகிறது.

மார்க்கில் திங்கட்கிழமையின் இரண்டு கேள்வி வேறு, செவ்வாய்க்கிழமையின் மூன்று கேள்வி வேறு. இரண்டையும் சேர்த்து ஐந்து கேள்வி ஆகிவிட்டது, முழுமையே பெரிதாகிவிட்டது. வீட்டுப்பாடத்தில் வருகிற அரையும் மூன்றில் ஒன்றும் அப்படியில்லை. ஒரே படியில் அரை, அதே படியில் மூன்றில் ஒன்று. படி வளராது.

படி என்றதும் அடுப்படியைப் பார்த்தேன். அம்மா உளுந்து அளந்துகொண்டிருந்தார். எங்கள் கரிசலில் உளுந்தும் பாசியும் மிளகாயும் மல்லியும்தான் வெள்ளாமை. கடையில் கிலோக் கணக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அம்மாவின் கை இன்னும் படியையும் உழக்கையும் விடவில்லை.

“அம்மா, அரைப்படி உளுந்தோட ஒரு உழக்குச் சேத்தா எவ்வளவு?”

“மூணு உழக்கு.” தலையைத் தூக்காமலே சொன்னார்.

நாலு உழக்கு ஒரு படி. ஆகவே உழக்கு என்பது கால் படி. அரையும் காலும் சேர்ந்து முக்கால். இதையே பள்ளிக்கூடக் கணக்காக எழுதினால் 1/2, 1/4 என்று பகுதிகள் வேறுவேறாக நிற்கும், பிள்ளை மிரளும். அம்மா மிரளாததற்குக் காரணம், அரைப்படியைக் கேட்ட மாத்திரத்தில் அவர் மனசுக்குள் அது இரண்டு உழக்காக மாறிவிட்டது. இரண்டு உழக்கும் ஒரு உழக்கும் மூன்று உழக்கு. பொதுப் பகுதி காண்பது என்றால் இவ்வளவுதான். இரண்டு அளவையும் ஒரே பாத்திரத்தால் அளந்துகொள்வது.

நம் பாடநூல்கள் பின்னத்தில் கீழே இருப்பதைப் பகுதி என்றும் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் சொல்கின்றன. அழகான சொற்கள். எத்தனையாகப் பகுத்தோமோ அது பகுதி. அதில் எத்தனையைத் தொகுத்தோமோ அது தொகுதி. பகுதி ஒரு பாத்திரத்தின் பெயர் மாதிரி, தொகுதிதான் எண்ணிக்கை. மூன்று உழக்கோடு இரண்டு உழக்கைக் கூட்டும்போது மூன்றையும் இரண்டையும் கூட்டுகிறோம். உழக்கையும் உழக்கையும் கூட்டி வேறொரு பாத்திரம் செய்வதில்லை. பகுதிகளை ஏன் கூட்டக் கூடாது என்று பிள்ளை கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். பாத்திரம் ஒன்றாக இருந்தால் ஓரினப் பின்னம், வெவ்வேறாக இருந்தால் வேற்றினப் பின்னம். இனம் ஒன்றானால்தான் எண்ண முடியும்.

தமிழ் இதைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. முக்கால் என்றால் மூன்று கால். மூன்று தொகுதி, கால் பகுதி. மேலே மூன்று, கீழே நான்கு என்று கோடு போட்டு எழுதுவதை நாம் ஒரே சொல்லில் பேசிவிட்டுப் போகிறோம்.

“அப்போ மூணுல ஒண்ணுக்கு எந்தப் பாத்திரம் ஆச்சி?” என்று பிள்ளை அடுப்படியைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா யோசித்தார். படி, அதில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. பாதி, பாதியில் பாதி என்றே இறங்குகிற வரிசை. மூன்றில் ஒன்று அளக்க அதில் பாத்திரம் கிடையாது. “இல்லையே ஏத்தா” என்றார். இந்த ‘இல்லை’ சாதாரணமான இல்லை அல்ல. பின்னால் இதற்கே திரும்ப வர வேண்டியிருக்கும்.

பாத்திரம் இல்லாத இடத்தில் கடலைமிட்டாய் கைகொடுத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன்பிருந்தே டப்பா காலியாக இருந்ததில்லை. செவ்வகமாக ஒரு கட்டியை எடுத்துத் தட்டில் வைத்தேன். நீளவாக்கில் நடுவே ஒரு கோடு கீறினால் இரண்டு பாதி. குறுக்காக இரண்டு கோடு கீறினால் மூன்று பங்கு. இரண்டு வகைக் கோட்டையும் ஒரே கட்டியில் கீறினால்? பிள்ளை எண்ணினாள். ஆறு கட்டம். பாதி என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒன்று என்பது இரண்டு கட்டம், கூட்டினால் ஐந்து கட்டம். ஆறில் ஐந்து. மீதி ஒரு கட்டத்தை வாயில் போட்டுக்கொண்டு நோட்டில் 2/5-ஐ அடித்து 5/6 என்று எழுதினாள். அந்த ஆறுதான் பொதுப் பகுதி. பாதிக்கும் அடங்குகிற, மூன்றில் ஒன்றுக்கும் அடங்குகிற துண்டு.

அடுத்த கணக்கு 1/4-ம் 1/6-ம். இப்போது அவளே கோடு கீறத் தொடங்கினாள். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஆறு, மொத்தம் இருபத்துநான்கு கட்டம். கால் என்பது ஆறு கட்டம், ஆறில் ஒன்று என்பது நான்கு கட்டம், கூட்டினால் 10/24. சரியான விடைதான். ஆனால் மிட்டாய் பொடியாகிவிட்டது. அத்தனை பொடியாக நறுக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்க் கிணறு நல்ல பதில் வைத்திருக்கிறது. மானாவாரிக் கரிசலில் கிணறு எல்லாரிடமும் இருக்காது. இருக்கிற கிணற்றுக்கும் பங்காளிகள் பல பேர். பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் ‘கிணற்றில் 6-ல் 1 பங்கு பாத்தியம்’ என்கிற மாதிரி எழுதியிருக்கும். ஒருவருக்கு அப்பா வழியில் நாலில் ஒரு பங்கு வந்தது, பங்காளி ஒருவரிடம் ஆறில் ஒரு பங்கு கிரயத்துக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைப் பாத்திரத்தில் பிரிக்க முடியாது, நாளாகத்தான் பிரிக்க முடியும். எத்தனை நாளைக்கு ஒரு சுற்று வைத்தால் நாலில் ஒரு பங்கும் முழு நாளாக வரும், ஆறில் ஒரு பங்கும் முழு நாளாக வரும்?

நான்கு நாள் சுற்று வைத்தால் ஆறில் ஒன்று சிக்கும். ஆறு நாள் வைத்தால் கால் பங்கு ஒன்றரை நாளாகி, ராத்திரியில் மோட்டார் மாற்ற வேண்டிவரும். பன்னிரண்டு நாள் வைத்தால் காலுக்கு மூன்று நாள், ஆறில் ஒன்றுக்கு இரண்டு நாள். அவருக்கு மொத்தம் ஐந்து நாள் முறை, மற்றவர்களுக்கு ஏழு நாள். 5/12. இருபத்துநான்கு நாள் சுற்றும் கணக்குக்குப் பொருந்தும். அவருக்குப் பத்து நாள் வரும். ஆனால் அந்தப் பத்து நாளும் அடுத்தவர் மிளகாய்ச் செடி என்ன பாடுபடும்? பொருந்துகிற சுற்றுகளில் எது சின்னதோ அதைத்தான் சம்சாரி பிடிப்பார். பாடநூல் அதை மீச்சிறு பொது மடங்கு என்கிறது. பிள்ளைகள் மீ.சி.ம. என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான்கின் மடங்காகவும் ஆறின் மடங்காகவும் இருக்கிற எண்கள் 12, 24, 36 என்று போய்க்கொண்டே இருக்கும். எதை எடுத்தாலும் விடை ஒன்றுதான். சின்னதை எடுத்தால் கை நோகாது.

தேடாமலே அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, எண்ணை உடைத்துப் பார்ப்பது. மேற்கொண்டு உடையாத எண்களைப் பகா எண்கள் என்கிறோம். நான்கை உடைத்தால் இரண்டு, இரண்டு. ஆறை உடைத்தால் இரண்டு, மூன்று. இரண்டையும் கட்டக்கூடிய ஒரே குவியல் செங்கல் வேண்டும். நான்குக்கு இரண்டு ‘இரண்டு’ தேவை. ஆறுக்கு வேண்டிய ‘இரண்டு’ அதிலேயே கிடக்கிறது, ஒரு ‘மூன்று’ மட்டும் கூடச் சேர்த்தால் போதும். இரண்டு, இரண்டு, மூன்று, பெருக்கினால் பன்னிரண்டு. இருபத்துநான்கில் ஒரு ‘இரண்டு’ வீணாகச் சேர்ந்துவிட்டிருந்தது.

இவ்வளவும் ஒவ்வொரு கணக்குக்கும் புதிது புதிதாகப் பாத்திரம் தேடும் வழி. நம் முன்னோர்கள் வேறு ஒரு காரியம் செய்தார்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே பாத்திரத்தை முன்கூட்டியே வடித்து வைத்துவிட்டார்கள். அதன் பெயர் முந்திரி. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு.

பழைய தமிழ்ப் பின்னங்களில் இரண்டு கொடிகள் உண்டு. ஒன்று பாதி பாதியாக இறங்குவது: அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் என்பது பதினாறில் ஒன்று. இன்னொன்று இருபதிலிருந்து இறங்குவது: இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, நூற்றறுபதில் ஒன்று அரைக்காணி, 320-ல் ஒன்று முந்திரி. நிலத்திலும் இருபது மா ஒரு வேலி. இரண்டு கொடியையும் ஒன்றாகக் கட்ட வேண்டுமானால் பதினாறும் இருபதும் அடங்குகிற எண் வேண்டும். ஆறாம் வகுப்புக் கணக்காகவே போட்டுப் பாருங்கள்: 16, 20 இவற்றின் மீ.சி.ம. 80. அது காணி!

வீசத்துக்கு இன்னொரு பெயர் மாகாணி. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மா, காணி. இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டு என்கிறது சொல். மா என்பது நான்கு காணி, அதோடு ஒரு காணி, மொத்தம் ஐந்து காணி. எண்பதில் ஐந்து, சுருக்கினால் பதினாறில் ஒன்று. வேற்றினப் பின்னங்கள் இரண்டைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்து கூட்டிச் சுருக்கி, விடையையே பெயராக வைத்திருக்கிறார்கள். என் தங்கை மகளின் நோட்டில் இருக்கிற வீட்டுப்பாடம் முழுசாக அந்த மூன்றெழுத்துக்குள் இருக்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை முந்திரியிலிருந்துதான் தொடங்கினார்கள். முந்திரியும் முந்திரியும் அரைக்காணி என்று கீழேயிருந்து கூட்டிக்கொண்டே மேலேறி ஒன்றுக்கு வந்து சேர்வார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு, 2022-ல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இந்தச் சுவடிகளையும் அந்தப் பள்ளிக்கூடங்களையும் விரிவாக எழுதியிருக்கிறார். அப்படிப் படித்த பிள்ளைக்கு அரைக்காலும் மாவும் எவ்வளவு என்று கேட்டால் பொதுப் பகுதி தேடும் வேலையே கிடையாது. அரைக்கால் நாற்பது முந்திரி, மா பதினாறு முந்திரி, மொத்தம் ஐம்பத்தாறு. நாற்பத்தெட்டு மும்மா, மீதி எட்டு அரைமா. மும்மாவும் அரைமாவும் என்று வாயிலேயே விடை வந்துவிடும்.

இந்தப் பாத்திரத்தில் என்னென்ன அடங்கும், எது அடங்காது என்று நமக்கு எப்படித் தெரியும்? சுவடி பேசாத இடத்தில் எண்ணே பேசும். 320-ஐ உடைத்தால் ஆறு ‘இரண்டு’, ஒரு ‘ஐந்து’. வேறெதுவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த அறிஞர்கள், இராசராசன் காலத்து நிலக்கணக்கு ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை இறங்கியிருப்பதைக் கண்டு வியந்து எழுதினார்கள். முந்திரிக்குக் கீழே கீழ்முந்திரி, அதற்கும் கீழே என்று பின்னத்தில் பின்னமாகப் போகும் வரிசை அது. கடுகளவுகூட இல்லாத அந்த இடத்தை யாரும் கோல் பிடித்து அளந்திருக்க முடியாது. கணக்கு மீதமில்லாமல் முடிய வேண்டும் என்பதற்காக ஓலையில் இறங்கிய இறக்கம். அந்தப் பெரிய எண்ணையும் நான் உடைத்துப் பார்த்தேன். இருபத்துநான்கு ‘இரண்டு’, ஐந்து ‘ஐந்து’. அவ்வளவு ஆழத்துக்குப் போயும் ஒரு ‘மூன்று’ தட்டுப்படவில்லை.

அம்மாவின் அடுப்படியில் மூன்றில் ஒன்றுக்குப் பாத்திரம் இல்லாத காரணம் இதுதான். 320 முந்திரியை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 106 போக இரண்டு முந்திரி மிஞ்சும். அதைக் கீழ்முந்திரியாக உடைத்தாலும் மிஞ்சும். எத்தனை தரம் உடைத்தாலும் மிஞ்சும், ஏனென்றால் இரண்டையும் ஐந்தையும் எவ்வளவு பெருக்கினாலும் மூன்று பிறக்காது. நூறுக்கும் இதே கதி. நூறை உடைத்தாலும் இரண்டும் ஐந்தும்தான், அதனால்தான் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப்போனால் 0.333 என்று முடியாமல் போகிறது.

பாபிலோனியர்கள் அறுபதைப் பிடித்தார்கள். அதில் மூன்று உண்டு. மணிக்கு அறுபது நிமிடம் என்று நாம் இன்றும் அவர்கள் பாத்திரத்தில்தான் நேரத்தை அளக்கிறோம், மூன்றில் ஒரு மணி கச்சிதமாக இருபது நிமிடம். எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் அகமோசு என்ற எழுத்தர் படியெடுத்த பப்பைரசுச் சுருள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சில கணக்குகளில் பின்னங்களுக்குக் கீழே சிவப்பு மையில் சிறு எண்கள் எழுதியிருக்கும். ஒரே அளவால் அளந்தால் ஒவ்வொன்றும் எத்தனை வரும் என்பதற்கான குறிப்பு அது. வடமொழிக் கணித நூல்கள் பின்னங்களைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவருவதை சவர்ணனம் என்றன. ஒரே நிறமாக்குவது என்று அர்த்தம். கி.பி. 850 வாக்கில் கன்னட நாட்டில், இராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர், தம் கணிதசாரசங்கிரகத்தில் மீச்சிறு பொது மடங்குக்கு நிருத்தம் என்று தனிப் பெயரே வைத்து, அதைக் காணும் வழியையும் சொல்லியிருக்கிறார். அந்த நூலை மா. ரங்காசாரியார் 1912-ல் சென்னையில் பதிப்பித்தார்.

பிள்ளைக்கு மூன்றில் ஒன்று அடங்காத விஷயம் மனசில் தைத்துவிட்டது. “அப்போ அந்தக் காலத்துல மூணு பேரு பங்கு போட மாட்டாங்களா மாமா?”

பீரோவுக்கு மேலே தாத்தாவின் பருத்திக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. தூசி தட்டி எடுத்தேன். மஞ்சளேறிய தாளில் ரூ., அ., பை. என்று மூன்று பத்தி. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனபோது, ஒரு ரூபாயை மூன்று பங்காளிகளுக்குப் பிரித்த இடம் கிடைத்தது. 0-5-4, 0-5-4, 0-5-4 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக. ஐந்தணா நாலு பை. பிள்ளை கூட்டினாள்: பை பன்னிரண்டு, அது ஒரு அணா, அணா பதினைந்தும் ஒன்றும் பதினாறு, அது ஒரு ரூபாய். ஒரு பைகூட மிஞ்சவில்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாயை நூறு நயா பைசாவாக்கினார்கள். அன்றிலிருந்து மூன்று பேருக்கு ஒரு ரூபாய் சமமாகப் பிரிவதில்லை. ஆளுக்கு 33 போக ஒரு பைசா நிற்கும். காலுக்கும் அரைக்கும் மட்டும் நாலணா, எட்டணா என்ற பழைய பெயர் நாக்கில் தங்கியது. அந்த நாலணாக் காசும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயிற்று.

“ஒரு ரூபாய்க்கு எத்தன பை?” என்று கேட்டேன். பதினாறைப் பன்னிரண்டால் பெருக்கி 192 என்றாள். உடைக்கச் சொன்னேன். நோட்டின் கடைசித் தாளில் கிளை கிளையாகப் போட்டாள். ஆறு ‘இரண்டு’, ஒரு ‘மூன்று’. பக்கத்திலேயே 320-க்கும் போட்டாள். ஆறு ‘இரண்டு’, ஒரு ‘ஐந்து’. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாமா, இதுல அஞ்சு இல்ல, அதுல மூணு இல்ல. ரெண்டயும் சேத்து ஒரு பாத்திரம் செஞ்சா?”

“செய்யேன்.”

ஆறு ‘இரண்டு’ இரண்டிலும் பொது, அதை ஒரு தடவை எழுதினால் போதும் என்று அவளாகவே சொன்னாள். அறுபத்துநான்கு. அதை மூன்றால் பெருக்கி, ஐந்தால் பெருக்கி, 960 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டாள். பைக்கும் முந்திரிக்கும் பொதுவான பாத்திரம். ஒரு பை அதில் ஐந்து, ஒரு முந்திரி மூன்று. இந்தக் கரிசலில் யாரும் அப்படி ஒன்றைப் புழங்கியதாக எனக்குத் தெரியாது. அன்றைக்கு எங்கள் திண்ணையில் புழங்கியது.

அம்மா உளுந்தை ஊறப்போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். “ஏழு பேரு இருந்தா என்ன செய்வ ஏத்தா?” என்றார். அம்மா கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர்.

பிள்ளை வட்டத்துக்குள் இருந்த 960-ஐ ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏழால் வகுத்து, ஒன்று மிஞ்சியதைக் கண்டு உதட்டைக் கடித்தாள். பிறகு தாளைத் திருப்பி, 960 என்று எழுதி, பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு, ஏழு என்று எழுதினாள்.